பெடல் றப்பரும் என் பிடிவாதமும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை கரவெட்டிக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். சாதாரண முடிவு அல்ல. கீரிமலையே எழும்பி வந்து கெஞ்சினாலும் மாறாத முடிவு. கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எடுத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பியபோது அது உறுதியாகிவிட்டது.

மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி.

நான் மார்க்கண்டு. மானிப்பாயில் ‘மலாயா மார்க்கண்டர்’ என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். மலாயாவில் புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்து, பென்சனோடும் ஒரு பேபி ஒஸ்ரின் காரோடும் ஊர் திரும்பியவன். அங்கே என் மேசையைக் கடக்கும்போது வெள்ளைக்காரத் துரைமாரே அடிமேல் அடி வைத்து மெதுவாகத்தான் போவார்கள். நான் நித்திரை என்பதால்தான் அப்படிப் போனார்கள் என்று பூரணம் சொல்லுவாள். பூரணம் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு காரியங்கள் வந்து மோதிக்கொண்டன. ஒன்று, எங்கள் அடுத்த ஒழுங்கை முத்துக்குமாரு வீட்டில் சீட்டுப் போட்டி. மானிப்பாய்க்கும் சண்டிலிப்பாய்க்கும் முந்நூற்றிநாலு ஆட்டம், காலை தொடக்கம் பொழுதுபடும் வரை. மானிப்பாயின் தூண் நான். போன ஆடி தொடக்கம் நான் ஒருநாளும் தோற்றதில்லை. அதற்கு முந்தித் தோற்றிருக்கிறேன், மறைக்கவில்லை. தோற்றால் சீட்டை வீசி எறிந்துவிட்டு அந்த நிமிடமே எழும்பி வீட்டுக்கு வந்துவிடுவேன். அது என் சுபாவம். ஆடிக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஞானக்கண் திறந்துகொண்டது. துரும்புச் சீட்டு யார் கையில் என்று உள்மனம் சொல்லிவிடும். வெயில் தாழப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவேன். வெல்லுகிறவன் எப்படி நடுவில் எழும்புவது?

மற்றது, பூரணத்தின் தங்கச்சி செல்வநாயகி கரவெட்டியில் புது வீடு குடிபுகுகிறாள். காலைச் சுபநேரத்தில் பால் காய்ச்ச வேண்டும். அதற்கு அக்காவும் அத்தானும் காரில் வந்து இறங்க வேண்டும்.

சீட்டு விளையாடப் போகிறேன், கரவெட்டிக்கு வரமாட்டேன் என்று நேராகச் சொல்லலாம். சொன்னால் பூரணம் சீட்டுக்கட்டை அடுப்பில் போடுவாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு ஆக்க அந்த அடுப்பில் இடம் இருக்காது. ஆகவே நான் சொல்லக் கூடாது. கார் சொல்ல வேண்டும்.

காரின் கதவைத் திறந்தேன். தலையை உள்ளே விட்டு, காலை முற்றத்தில் நீட்டிப் படுத்தேன். மூக்குக் கண்ணாடி போதாதென்று பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன். பெடல்களைப் பார்த்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. நான் பொய் சொல்லத் தேவையே இல்லை. றப்பர்கள் உண்மையாகவே தேய்ந்து போயிருந்தன.

“பூரணம்! கையிலை இருக்கிறதைப் போட்டிட்டு ஓடி வாரும்!”

“கையிலை குழம்புச் சட்டி. போட்டிட்டு வரவோ?”

“இறக்கி வைச்சிட்டு வாரும்!”

வந்தாள். நான் பூதக்கண்ணாடியால் சுட்டிக் காட்டினேன்.

“இது என்ன?”

“பெடல் றப்பர்.”

“றப்பர் இல்லை. றப்பர் இருந்த இடம். பிறேக்கைப் பாரும், மூலை தேஞ்சு இரும்பு பல்லைக் காட்டுது. கிளச்சைப் பாரும், மொட்டை. ஒரு வரி இல்லை. ஓடேக்கை கால் வழுக்கினால் என்ன நடக்கும்?”

“என்ன நடக்கும்?”

“நான் போயிடுவன். நீரும் போயிடுவீர். பென்சனும் நிண்டு போகும்.”

பென்சன் என்றதும் அவள் முகம் கொஞ்சம் மாறியது. இரும்பு சூடாக இருக்கும்போதே இன்னும் ஒரு அடி போடுவோம் என்று நினைத்தேன்.

“உந்தக் கீறலைப் பாத்தீரோ? ரெண்டு றப்பரிலையும் ஒரே மாதிரி, பிறை வடிவிலை வெட்டியிருக்கு. என்ரை சப்பாத்தின்ரை அடியிலை ஏதோ கல்லுச் சிக்கியிருக்கு. உதுகள் எல்லாற்றை கண்ணுக்கும் தெரியாது, பூரணம். மலாயாவிலை இருந்த கண்ணுக்குத்தான் தெரியும்.”

பூரணம் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு அடி பின்னுக்கு நகர்ந்து, சீலைக் கரையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டாள். என் அறிவுக்குக் காட்டிய மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கே ஒரு ஆச்சரியம் இருந்தது. போன வருடம்தான் புதிய றப்பர் போட்டேன். கிழமைக்கு ஒருமுறை கோயிலுக்கும் மாதத்துக்கு ஒருமுறை பென்சன் எடுக்கக் கச்சேரிக்கும் போகிற காருக்கு இவ்வளவு தேய்மானமா? நான் அழுத்தமான ஆள், மிதித்தால் மிதித்ததுதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். பெற்றோலும் அப்படித்தான். கொட்டிலில் சும்மா நிற்கிற காரில் குறைந்துகொண்டே போகிறது. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஆவியாகிறது என்று நானே ஆராய்ந்து கண்டுபிடித்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில்கூட காரின் மூக்கில் கை வைத்தால் சுடும் என்றால் அந்த வெயிலின் கொடுமையைப் பாருங்கள். இதை முத்துக்குமாருக்கு விளக்கியபோது அவனுக்கு வெற்றிலை புரைக்கேறி, தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விட்டான்.

“அப்ப புது றப்பர் வாங்கிப் போடுங்கோ,” என்றாள் பூரணம்.

“கடையிலை விக்கிற கத்தரிக்காயே இது? கொழும்புக்கு எழுதோணும். கொழும்புக்காரன் சீமைக்கு எழுதோணும். சீமையிலை செய்து, கப்பலிலை ஏத்தி... நல்லூர்க் கொடியேத்தத்துக்கு முந்தி வராது.”

“ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சு.”

“அதுதான் எனக்கும் கவலை.” முகத்தை அதற்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன்.

“இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓட்டுங்கோவன். வெறுங்கால் வழுக்காது. இரும்பிலை பட்டால்தான் குத்தும்.”

“உமக்கென்னெண்டு தெரியும்?”

“இல்லை... சும்மா சொன்னனான்.”

மலாயாவில் கார் வாங்கிய மனிதன் மானிப்பாய்ச் சந்தியில் வெறுங்காலோடு இறங்குவதா? அதை விடக் காரை மாட்டில் பூட்டி இழுக்கலாம். அந்தப் பேச்சுக்கு இடமே வைக்காமல் இரண்டு றப்பர்களையும் பெடலிலிருந்து உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“இனி இந்தக் கார் அசையப்படாது. நீர் வாடகைக் காரிலை போயிட்டு வாரும்.”

“வைகாசி மாசம், முகூர்த்த நாள். ஊரிலை உள்ள வாடகைக் கார் எல்லாம் மாப்பிள்ளை ஏத்தப் போகுதாம். விசாரிச்சிட்டன். பஸ்ஸிலை போனால் சுபநேரம் கடந்து, ஆறின பாலைத்தான் பாக்கலாம்.” அவள் குரல் தாழ்ந்தது. “அம்மா இருந்தால் அம்மா பானையை வைப்பா. அம்மா இல்லை. செல்வநாயகிக்கு இப்ப நான்தான். நான் போகாமல் அவள் அந்த வீட்டிலை அடுப்பு மூட்ட மாட்டாள்.”

கண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. வரமாட்டேன் என்ற முடிவைக் கொஞ்சம் தளர்த்துவோமா என்றுகூட யோசித்தேன். அப்போது சண்டிலிப்பாய்க்காரர் கண்ணுக்குள் வந்து நின்று சீட்டைக் கலைத்தார்கள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் பூரணம் ஒரு பழைய பஸ் ரயர்த் துண்டோடு வந்தாள். எங்கே பிடித்தாளோ தெரியாது. “இதை வெட்டிப் போடுவமோ?”

“ரயர் வளைவு. பெடல் தட்டை. காலை வைச்சால் ஊஞ்சல் ஆடும்.”

போனாள். மத்தியானம் ஒத்தடம் பிடிக்கிற சுடுதண்ணிப் பையைக் கொண்டு வந்தாள்.

“அது தோல் மாதிரி. ரெண்டு மிதியிலை கிழிஞ்சிடும்.”

போனாள். பின்னேரம் ஒரு சைக்கிள் பிறேக் கட்டையைக் கொண்டு வந்தாள்.

“இதிலை என்ரை பெருவிரல்தான் நிக்கும். மற்ற விரலெல்லாம் எங்கை போறது?”

அவள் சளைக்கவில்லை. நானும் சளைக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லா றப்பருக்கும் ஒரு குறை சொல்ல என்னால் முடியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, இராசா மாதிரிக் காலை நீட்டிக்கொண்டேன்.

“எப்பிடிப்பட்ட றப்பர்தான் வேணும்?” என்று கேட்டாள் பூரணம். “ஒண்டும் விடாமல் வடிவாச் சொல்லுங்கோ.”

கிடைக்கவே கிடைக்காத ஒரு பொருளை வர்ணிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

“தட்டையா, நல்ல தடிப்பா இருக்கோணும். ஒரு விரல் மொத்தம். அடியிலை வரி வரியா வெட்டியிருக்கோணும். ஈரத்திலையும் வழுக்கப்படாது. மிதிபட்டுப் பழகியிருந்தால் இன்னும் நல்லம். மலாயா றப்பர் எண்டால் திறம். அப்பிடி ஒண்டு யாழ்ப்பாணம் முழுக்க வலை போட்டுத் தேடினாலும் கிடையாது.”

“ஓம்,” என்றாள்.

கண்ணைத் திறந்தபோது என் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோல்வியை ஒப்புக்கொண்டவர்கள் அப்படித்தான் குனிந்து நிற்பார்கள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. இரவு ஒரு தோசை குறைவாகவே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் கடைசிப் பயிற்சிக்கு முத்துக்குமாரு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போலச் சப்பாத்தை வாசற்படியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பினாங்கில் வாங்கிய கன்வஸ் சப்பாத்து. ஊரில் அப்படி ஒரு சோடி வேறு யாரிடமும் இல்லை. வழக்கம்போல வென்றேன். முத்துக்குமாரு வழக்கம்போலத் தலையில் கை வைத்து, “அண்ணைக்கு முன்னாலை நாங்கள் எல்லாம் குழந்தைப் பிள்ளையள்” என்றான். நல்ல பெடியன். உண்மையை ஒப்புக்கொள்ளுகிற மனம் எல்லாருக்கும் வராது.

வெளியே வந்தேன். வாசற்படியில் சப்பாத்து இல்லை.

“தம்பி, என்ரை சப்பாத்து எங்கை?”

“நாய் கொண்டு போயிருக்கும், அண்ணை.”

“ரெண்டையுமோ?”

முத்துக்குமாரு கொஞ்சம் யோசித்தான். “ரெண்டு நாய், அண்ணை.”

சரியான விளக்கம்தான். வெறுங்காலோடு ஒழுங்கையில் நடந்தேன். பாதி வழியில் இடது காலில் நெருஞ்சி முள் ஏறியது. நாய்களின் பரம்பரையை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டுப் படலையைத் திறந்தேன்.

முற்றத்தில் கார் நின்றது. கார்க் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பூரணம் வெளியே வந்தாள். கையில் பெட்டி இழைக்க ஓலை வார்கிற சத்தகக் கத்தி. பக்கத்தில் கொஞ்சம் செப்புக் கம்பி. நிலத்தில் என் பினாங்குச் சப்பாத்தின் மேல்துணி மட்டும், அடி இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

“என்ரை சப்பாத்து!”

“உங்கடை சப்பாத்துத்தான். தட்டை. ஒரு விரல் மொத்தம். வரி வரியா வெட்டியிருக்கு. மிதிபட்டுப் பழகினது. மலாயா றப்பர். நீங்கள் சொன்னதிலை ஒண்டும் குறையேல்லை. வந்து பரிசோதனை பண்ணுங்கோ.”

“நாய் கொண்டு போச்செண்டு முத்துக்குமாரு...”

“ஆள் விட்டு எடுப்பிச்சனான். உந்தத் தம்பி நல்ல பிள்ளை. ஆரெண்டு சொல்லாதை எண்டால் சொல்ல மாட்டான்.”

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பெடலின் அளவுக்கு ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, பனையோலைப் பெட்டிக்கு விளிம்பு கட்டுகிற மாதிரிச் செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தாள். இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றி மிதித்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. சீமையில் செய்தவன் கண்டால் வெட்கப்படுவான். குறை சொல்வதற்கு என்று வாயைத் திறந்து, கொட்டாவி விட்டு மூடினேன்.

வேறு ஒருவன் என்றால் இந்த இடத்தில் வீழ்ந்திருப்பான். நான் மார்க்கண்டு. றப்பர் சரியாகிவிட்டால் என்ன? கால் சரியில்லையே! ஏறிய முள்ளை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். கிளச் மிதிப்பது இடது கால். முள் ஏறியதும் இடது கால். முத்துக்குமாரு வீடு பக்கத்தில்தான், அவ்வளவு தூரம் நொண்டிப் போகலாம். கரவெட்டி வரை நொண்டிக் கார் ஓட்ட முடியாது. இனி எந்தச் சத்தகத்தாலும் வெட்ட முடியாத காரணம் இது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பூரணம் கூறைச்சீலை உடுத்து, மஞ்சள் குங்குமம் இட்ட புதுப் பானையோடும் ஒரு செம்பு பாலோடும் கார் அருகில் வந்து நின்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன்.

“ஏலாது, பூரணம். கிளச்சிலை காலை வைச்சால் உயிர் போயிடும். நான் வர விரும்பாமல் இல்லை. கால் விடுகுதில்லை. செல்வநாயகிக்கு என்ரை ஆசீர்வாதத்தை...”

“அச்சோ, பாவம்,” என்றாள்.

அந்தச் சொல்லிலேயே நான் உசாராகியிருக்க வேண்டும். எனக்குப் பூரணம் பாவம் பார்த்த நாளெல்லாம் எனக்குத்தான் நட்டம்.

“வாங்கோ, என்ரை தோளைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. காருக்குள்ளை பின் சீற்றிலை இருங்கோ. காலை நீட்டுங்கோ. இந்தாங்கோ பானை. இந்தாங்கோ பால். ரெண்டையும் மடியிலை வைச்சுக் கவனமாப் பிடியுங்கோ.”

அவள் இருங்கோ என்றால் இருந்துவிடுவது எனக்குப் பழக்கம். இருந்தேன். பிடித்தேன். பிறகுதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“அப்ப ஆர் ஓட்டுறது?”

பூரணம் சீலையைச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி, ஓட்டுகிற இடத்தில் இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். புதிய றப்பர்கள்மேல் இரண்டு வெறுங்கால்கள். கால்விரல்களில் வெள்ளி மிஞ்சி. கலியாணத்தில் அம்மியில் அவள் காலை வைத்தபோது நானே போட்ட மிஞ்சி. ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டைப் பைக்குள் இருந்த பழைய றப்பரை எடுத்துப் பார்த்தேன். பிறை வடிவத்தில் வெட்டு. மிஞ்சியின் வளைவு. இரண்டும் அளவெடுத்தது போல இருந்தன.

என் சப்பாத்தில் ஒருநாளும் கல் இருந்ததில்லை.

கார் உறுமி, குலுக்கம் இல்லாமல் புறப்பட்டது. நான் ஓட்டினால் படலையைத் தாண்டுவதற்குள் மூன்று தரம் நின்று யோசிக்கிற கார்.

“பூரணம்! ஆர் உமக்கு உதைப் படிப்பிச்சது?”

“நீங்கள்தான். கோயிலுக்குப் போகேக்கை எல்லாம் என்னைப் பக்கத்திலை இருத்தி, ‘இப்ப கிளச், இப்ப கியர், இப்ப மெதுவா விடோணும், உமக்கு விளங்காது’ எண்டு சொல்லிச் சொல்லி ஓட்டினியள். விளங்கிச்சுது. பின்னேரங்களிலை ஆனைக்கோட்டைப் பக்கத்து வெளியிலை கொண்டுபோய் ஓடிப் பழகினனான்.”

எனக்குப் பெற்றோல் ஆவியாகிற விதம் விளங்கத் தொடங்கியது. இருந்தாலும் ஒரு அரசாங்க உத்தியோகத்தன் சட்டத்தை விட முடியாது.

“லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும்!”

“தை மாசம் நீங்கள் பென்சன் எடுக்கக் கச்சேரியிலை வரிசையிலை நிண்டனீங்கள். நான் காருக்குள்ளை இருக்கிறன் எண்டு சொன்னனான்.”

“சொன்னீர்.”

“இருந்தனான். பரீட்சை வைக்கிற துரை எனக்குப் பக்கத்திலை இருந்தார்.”

“இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் விட்டிருப்பியளோ?”

நான் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டிருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒழுங்கை முடக்கில் முத்துக்குமாரு தன் வீட்டுப் படலையில் நின்றான். பூரணம் கார் ஓட்டுவதைக் கண்டு அவன் கண் பிதுங்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் பாட்டுக்கு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, “சந்தியிலை மாட்டுவண்டில் நிக்குது, பாத்துப் போங்கோ அக்கா” என்றான்.

“தம்பி! போட்டி!” என்று நான் பின் சீற்றிலிருந்து கத்தினேன்.

“அதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம், அண்ணை! நீங்கள் ஆறுதலா வாங்கோ!”

மானிப்பாயின் தூண் இல்லாமல் மானிப்பாய் நிற்கப் போகிறது. அவன் முகத்தில் அந்தக் கவலை துளியும் இல்லை. எனக்கு மனம் வலித்தது. மற்றதெல்லாம் போகட்டும், கார் போகட்டும், சப்பாத்துப் போகட்டும். ஊரின் மானத்தையாவது நான் காப்பாற்றியிருக்க வேண்டும்.

“அறியாப் பிள்ளையள்,” என்றேன். “நான் இல்லாமல் சண்டிலிப்பாயாரிட்டை நல்லா வாங்கிக் கட்டப் போறாங்கள்.”

“அப்பிடி ஒண்டும் நடவாது.”

“சீட்டைப் பற்றி உமக்கென்ன தெரியும்? போன ஆடி தொடக்கம் நான் ஒரு நாள் தோத்ததில்லை. ஒரு நாள்!”

பூரணம் மாட்டுவண்டிலை விலத்தி, கியரை மாற்றி, காரை நேராக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“தோத்தால் நீங்கள் சீட்டை எறிஞ்சுபோட்டு நேரத்தோடை வீட்டை வந்திடுவியள், எனக்குக் கார் பழக விளக்கு வைக்கிற மட்டும் நேரம் வேணும். அதுதான் போன ஆடியிலை முத்துக்குமாருத் தம்பியாக்களுக்கு ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரம் சுட்டுக் குடுத்து, உங்களை வெல்ல விடச் சொன்னனான்.”